‘நாங்கள்’ என்றால் எத்தனை பேர்?

தமிழில் மலையேற்றக் குறிப்புகள் இப்போது நிறைய வருகின்றன. கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்துவிடுவது என் பழக்கம். வாசிக்க வாசிக்க ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. முதலில் அது வெறும் இலக்கணப் பிரச்சினையாகத்தான் பட்டது.

நடக்கும்வரை எல்லா வாக்கியத்துக்கும் ஆள் இருக்கிறது. ஏறினோம், மூச்சு வாங்கினோம், வழுக்கினோம், உச்சியை அடைந்தோம். முகாமுக்கு வந்து சேர்ந்ததும் ஆள் காணாமல் போய்விடுகிறார். கூடாரங்கள் அமைக்கப்பட்டிருக்கும். சூடான சுக்குக் காப்பி காத்திருக்கும். இரவு உணவு பரிமாறப்படும். மலையில் கூடாரம் தானாக முளைக்கிறது, காப்பி தானாகக் கொதிக்கிறது.

வீட்டில் நாம் யாரும் ‘சோறு வடிக்கப்பட்டது’ என்று பேசுவதில்லை. வடித்தவருக்கு ஒரு பெயரோ உறவோ இருக்கும், அதைச் சொல்லித்தான் பேசுவோம். செயப்பாட்டு வினை நமக்குப் பழக்கமானது அரசாணையிலும் செய்தித்தாளிலும். ‘தடியடி நடத்தப்பட்டது’ என்பதைப்போல. யார் செய்தார் என்று சொல்ல வேண்டாம் என்று தோன்றுகிற இடத்தில் அது கைகொடுக்கும். மலையேற்றக் குறிப்பில் அது ஏன் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வருகிறது?

‘பாவம், சுமை தூக்குகிறவர்களைக் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறார்களே’ என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் இந்தக் கட்டுரை அதைப் பற்றியது இல்லை. துணைக்கு வந்தவர்களை விட்டுவிட்டு எழுதும் குறிப்பு, மலையையே தப்பாக எழுதுகிறது என்பதுதான் என் வாதம். அறத்துக்கு முன்னால் இது இலக்கியத்தின் நஷ்டம்.

*

ஓர் உதாரணம். சேர்வராயன் மலையில் நான்கு நாள் நடை. நடப்பவர்கள் ஒன்பது பேர், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள். துணைக்கு ஐந்து பேர்: வழிகாட்டுகிற பெரியவர், சமையல் மாஸ்டர், சுமை தூக்க இருவர், கூடாரங்களையும் கேஸ் சிலிண்டரையும் ரோட்டு வழியாகக் கொண்டுவரும் பிக்கப் வண்டி டிரைவர். மூன்றாவது நாள் செம்மநத்தம் பக்கம். அந்த ஒரு நாள் மட்டும் நானும் சேர்ந்துகொண்டேன்.

செம்மநத்தம் ஏற்காடு ஒன்றியத்தில் ஓர் ஊராட்சி. ஏரியில் படகு விட்டுவிட்டு பகோடா பாயின்ட்டில் படம் எடுத்துக்கொண்டு இறங்குகிற கூட்டம் அந்தப் பக்கம் அதிகம் வராது. காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் சுற்றி ஏறிய மிளகுக்கொடி, இடையிடையே பலா. காப்பிப் பழம் சிவந்திருந்த பருவம்.

காலை நாலரைக்கு மாஸ்டர் எழுந்துவிட்டார். அடுப்புப் பற்றவைக்கும் முன் தண்ணீர் வேண்டும். சுமை தூக்குகிற இருவரும் இருட்டிலேயே கேன்களோடு சரிவில் இறங்கினார்கள். திரும்பி வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, அதன்மேல் இருபது லிட்டர் கேன். பதினைந்து பேருக்குக் குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று கேட்டேன். “அது வர்றவங்களப் பொறுத்ததுங்க. பல்லு விளக்கறப்போ வீட்டுக் கொழாயத் தொறந்து விட்ட மாதிரி ஊத்தறவங்களா இருந்தா ரெண்டு நடை சேத்தி” என்றார் இளையவர்.

எட்டு மணிக்கு நடக்கத் தொடங்கினோம். பெரியவர் முன்னால். ஐம்பதைத் தாண்டியவர், மலையாளிப் பழங்குடி. பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் வந்ததாகக் கதை சொல்வார்கள். எங்களில் ஒருவர் அவரிடம், “அண்ணா, காடு இங்கிருந்து எவ்வளவு தூரம்?” என்று கேட்டார். “எங்க காடுங்களா? அதோ, அந்தச் சரிவுலதான்” என்று எதிர்ப்பக்கம் கைகாட்டினார். அங்கே ராகி அறுத்த நிலம் தெரிந்தது. சேலத்துப் பக்கம் ‘காட்டுக்குப் போயிட்டு வரேன்’ என்றால் வேலை செய்யும் நிலத்துக்குப் போகிறேன் என்று அர்த்தம். கேட்டவர் மனதில் இருந்த காட்டில் யாருமே இல்லை. பதில் சொன்னவர் காட்டில் அறுவடை முடிந்திருந்தது.

பதினொரு மணிவாக்கில் ஒரு வளைவில் பெரியவர் நின்றார். கையைக் கீழே தாழ்த்தினார், உட்காருங்கள் என்பதுபோல. பீடி ஒன்றைப் பற்றவைத்தார். ஆனால் இழுக்கவில்லை, விரலிடுக்கில் வைத்துக்கொண்டு புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். வழியில் கிடந்த சாணத்தை ஏற்கெனவே குச்சியால் கிளறிப் பார்த்திருந்தார். பத்து நிமிடம் அப்படியே இருந்தோம். பிறகு எழுந்தார். வளைவைத் தாண்டிப் போனபோது ஈரமண்ணில் காட்டுமாட்டுக் குளம்புகள், கன்றுக்குட்டியின் சின்னக் குளம்பும் கூடவே. “குட்டியோட இருக்கறப்போ நம்ம வாடை அதுக்குப் போகக் கூடாதுங்க. காத்து நமக்கு எதுக்க வந்துச்சு, நல்லதாப் போச்சு. நாம போலாம் வாங்க.”

மூன்று வாரம் கழித்து அந்த ஒன்பது பேரில் ஒருவர் எழுதிய குறிப்பை நண்பர் அனுப்பிவைத்தார். நல்ல நடை. பனி விலகுவதை எழுதிய பத்தி அழகாகவே இருந்தது. அந்த வளைவும் வந்தது. வழிகாட்டி பீடி பிடிக்க நின்றார், கிடைத்த இடைவெளியில் தான் காட்டின் மௌனத்தில் கரைந்துபோனேன் என்று இருந்தது. காட்டுமாடு இல்லை. கன்று இல்லை. காற்று இல்லை. அந்த நாளின் ஆகப்பெரிய சம்பவம் எழுதியவரின் மூக்குக்கு முன்னால் நடந்தது. பெரியவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பார்க்காததால் அது அவர் கைக்கு வரவில்லை.

நான் சொல்லும் நஷ்டம் இதுதான். அந்தக் குறிப்பில் பெரியவர் இடம்பெறுகிறார், பீடியோடுகூட வருகிறார். ஆனால் அவர் ஒரு வேலை செய்துகொண்டிருந்தார் என்பது இல்லை. வேலையை நீக்கிவிட்டால் மிஞ்சுவது காட்சி மட்டும்.

*

தமிழுக்கு ஒரு வசதி இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, வெளியே நிறுத்தினால் ‘நாங்கள்’. பெரியவர் அன்று முழுக்க ‘நாம’ என்றுதான் பேசினார். நம்ம வாடை, நாம போலாம், நாம சாப்பிட்டுக்கலாம். குறிப்பு முழுக்க ‘நாங்கள்’. வாசகரிடம் எழுதும்போது ‘நாங்கள்’ என்பதுதான் சரி, அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அந்த ‘நாங்கள்’ என்பதை எண்ணிப் பார்த்தால் ஒன்பதுதான் வருகிறது. மலையில் நடந்தது பதினைந்து பேர்.

எந்தப் பயணக் குறிப்பையும் நான் இப்போது இந்தக் கணக்கோடுதான் வாசிக்கிறேன்.

*

இதை நவீன மனசாட்சி என்று நினைப்பவர்கள் மலைபடுகடாம் வாசிக்கலாம். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு, 583 அடி. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. கூத்தராற்றுப்படை என்ற பெயரும் அதற்கு உண்டு. பாட்டுடைத் தலைவன் நன்னனின் ஊர் செங்கண்மா, திருவண்ணாமலைப் பக்கத்துச் செங்கம். சேர்வராயன் மலைக்கு அது தூரதேசம் இல்லை.

இந்தப் பாட்டு மலைக் காட்சியில் ஆரம்பிப்பதில்லை, மூட்டை முடிச்சில் ஆரம்பிக்கிறது. கூத்தர்கள் என்னென்ன இசைக்கருவிகளை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்ற பட்டியல் முதலில் வருகிறது. பைகளில் கட்டி, இருபக்கமும் எடை சமமாகக் காவடிபோல் தொங்கவிட்டுச் சுமக்கிறார்கள். அந்தப் பைகள் பலாமரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவதுபோல இருக்கின்றனவாம். சுமையைத் தோளில் வாங்கியவனுக்கோ, பக்கத்தில் நடந்து பார்த்தவனுக்கோதான் அந்த எடைச் சமன் கண்ணில் படும்.

வழி சொல்கிறவரும் நடந்து போய்வந்த இன்னொரு கூத்தர்தான். அதனால் அவர் சொல்வதெல்லாம் காலுக்குப் பயன்படுகிற விஷயம். தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பார்த்துப் போங்கள். யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் பின்னால் ஒதுங்குங்கள். பாறை வழுக்கும், கொடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆபத்துக்குப் பின்னாலும் மலையில் வேலை செய்கிற யாரோ இருக்கிறார். பொறி வைத்தவர் இருக்கிறார், கல் எறிந்தவர் இருக்கிறார்.

வழி தப்பிவிட்டால்? கருவிகளை வாசியுங்கள் என்கிறது பாட்டு. சத்தம் கேட்டுக் கானவர்கள் ஓடி வருவார்கள். தின்னப் பழமும் சூடப் பூவும் காட்டி, அபாயமான இடங்களில் தாங்கள் முன்னால் நடந்து அழைத்துப்போவார்கள். இதில் கானவரின் பெயர் இல்லை. பாட்டு யாருக்காகப் பாடியது என்றால் நன்னனுக்காக, பரிசிலுக்காக. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் வினைக்கு ஆள் இருக்கிறது. கேட்டார்கள், வந்தார்கள், முன்னால் நடந்தார்கள். ‘வழி காட்டப்பட்டது’ என்று கௌசிகனார் தாண்டிப் போகவில்லை.

இன்னொன்று, மௌனம். நம் குறிப்புகளில் மலை என்றால் மௌனம். இந்தப் பாட்டில் மலை ஓயாமல் சத்தம் போடுகிறது. மதயானையாக மலையை வைத்து அதன் ஓசையைக் கடாமாகச் சொன்னதால்தான் அந்தப் பெயரே. என்னென்ன ஓசை என்று நீளமாக அடுக்குகிறார். அருவியும் விலங்கும் மட்டும் இல்லை. தினை குற்றும் பெண்கள் பாடுவது கேட்கிறது. புலி பாய்ந்து மார்பில் புண்பட்ட கணவனுக்கு வலி தணிய ஒரு கொடிச்சி பாடுவது கேட்கிறது. நகரத்திலிருந்து போகிறவர் மௌனம் என்று எழுதுவதற்குள் எத்தனை பேரின் சத்தத்தை வடிகட்டியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். செம்மநத்தத்தில் அன்று நாள் முழுக்கப் பழம் பறிக்கிற பெண்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சிலப்பதிகாரத்திலும் ஒரு நெடுந்தூர நடை இருக்கிறது. புகாரிலிருந்து மதுரைவரை. நடந்து பழகாத கண்ணகி ஆரம்பத்திலேயே களைத்துப்போய் மதுரை எங்கே என்று கேட்கிறாள். முப்பது காத தூரத்தைக் கோவலன் ‘பக்கந்தான்’ என்று சொல்லிச் சிரிக்கிறான். உலகத்து வழிகாட்டிகள் எல்லோரும் சொல்லும் அதே பொய். அங்கே துணைக்கு வருகிறவர் கவுந்தியடிகள். அவர் புறப்படும்போது கையில் என்ன எடுத்துக்கொண்டார், தோளில் என்ன தொங்கியது என்பதைக்கூட இளங்கோ சொல்லிவிடுகிறார். காப்பியத்தின் நாயகி கண்ணகி. அதற்காகக் கவுந்தியின் பையை மறக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

*

ஒரு மறுப்பு வரும். நியாயமான மறுப்புதான். “காசு கொடுத்துப் போகிறோம், அவர்கள் வேலை செய்கிறார்கள். பஸ்ஸில் மதுரைக்குப் போய்வந்து எழுதினால் டிரைவரைப் பற்றி எழுதுகிறோமா?” இல்லைதான். ஆனால் பஸ் பயணத்தை யாரும் தன் உடம்பின் வெற்றியாக எழுதுவதும் இல்லை. மலையேற்றக் குறிப்பு அப்படி எழுதுகிறது. என் எல்லையை நான் தாண்டினேன், என்னை நான் கண்டடைந்தேன் என்கிறது. அந்த ‘நான்’ எவ்வளவு எடை தூக்கினேன், மீதியை யார் தூக்கினார் என்று வாசகன் கேட்கத்தான் செய்வான்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வகைக் குறிப்பு உண்டு. துணைக்கு வந்தவர்கள் அதில் வருவார்கள், ‘வெள்ளந்தி மனிதர்கள்’ ஆக. எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்குக் கால் வலிக்காது. கடைசிப் பத்தியில் எழுதுபவருக்கு வாழ்க்கை என்றால் என்ன என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இதுவும் அதே மறதிதான், கொஞ்சம் பாசத்தோடு. செம்மநத்தத்தில் அந்த இளையவர் தண்ணீர் ஊற்றுகிறவர்களைப் பற்றிச் சொன்னதில் வெள்ளந்தித்தனம் ஒன்றும் இல்லை. துல்லியமான கணக்கும் கொஞ்சம் எரிச்சலும் இருந்தன.

இந்த மறதிக்குப் பெரிய முன்னோர் இருக்கிறார்கள். 1953 எவரெஸ்ட் பயணத்தில் சுமை தூக்கியவர்கள் 362 பேர் என்பது கணக்கு. உலகம் பிடித்துக்கொண்ட கேள்வி, உச்சியில் முதலில் காலை வைத்தது ஹிலாரியா டென்சிங்கா என்பது. ஹிலாரிக்கும் பயணத்தலைவர் ஹன்ட்டுக்கும் பிரிட்டன் சர் பட்டம் கொடுத்தது, டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம். டென்சிங் 1935இல் சுமைதூக்கியாகத்தான் எவரெஸ்ட்டுக்கு முதலில் போனார். எழுதப் படிக்கத் தெரியாத அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறு 1955இல் வந்தது. முதலில் கால் வைத்தது ஹிலாரிதான் என்று அதில் அவர் நேராகச் சொல்லிவிட்டார். சுமந்து பழகியவரின் கண்ணில் மலை எப்படித் தெரிகிறது என்று உலகம் வாசிக்கக் கிடைத்த புத்தகம் அது. அந்த மாதிரி ஒன்று தமிழ் மலைகளிலிருந்து எனக்கு வாசிக்கக் கிடைக்கவில்லை.

*

இது வெறும் நடை, வாக்கியம் என்ற அளவில் நின்றுவிடுகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறிவிட்டுத் திரும்பியவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தீக்காயம் பட்டவர்களை அந்தச் சரிவிலிருந்து போர்வையிலும் டோலியிலும் வைத்துத் தூக்கிக் கீழே கொண்டுவந்ததில் உள்ளூர்க்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்குப் பிறகுதான் அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகளைக் கொண்டுவந்தது. கோடையில் புல் எப்போது காய்கிறது, தீ காற்றோடு எந்தப் பக்கம் ஏறும் என்பது அங்கேயே இருக்கிறவர்களுக்குத் தெரியும். பெரியவரின் பீடிப்புகையை ஓய்வு என்று வாசிக்கப் பழகிய கண், இன்னொரு மலையில் அவர் ‘வேண்டாம், திரும்பிடலாம்’ என்று சொல்லும்போது அதையும் சோம்பல் என்று வாசித்துவிடும். குறிப்புகளைப் படித்துவிட்டுத்தான் அடுத்த கூட்டம் மலைக்கு வருகிறது.

2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அல்லேரி மலை. பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை இறந்துபோனது. ஆம்புலன்ஸ் ஊர்வரை போக ரோடு இல்லாததால், பாதி வழியில் இறங்கி அந்தத் தாய் குழந்தையின் உடலைக் கையில் சுமந்துகொண்டு மலையேறினார். அதுவும் மலையில் ஒரு நடை. துணைக்குழு இல்லாத நடை. அதை மலையேற்றம் என்று நாம் சொல்வதில்லை. ஒரே மாதிரிச் சரிவில் ஒருவருக்கு நடை அனுபவமாகவும் இன்னொருவருக்கு வேறு வழியில்லாததாகவும் இருக்கிறது. மலையை எழுத வருகிறவர் இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு எழுத வேண்டும் என்பதைத் தவிர நான் பெரிதாக எதையும் கேட்கவில்லை.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 பாதைகளோடு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. மலைப்பகுதி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கியிருக்கிறார்கள். ஏற்காட்டு மலையும் பட்டியலில் உண்டு. இனி இன்னும் நிறையப் பேர் நடப்பார்கள், நிறையக் குறிப்புகள் வரும். நல்லதுதான்.

எழுதப்போகிறவர்களுக்கு மலைபடுகடாத்தில் ஒரு யோசனை இருக்கிறது. வழி பிரிகிற இடத்தில், சரியான பாதையில் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள், பின்னால் வருகிறவர்கள் புதியவர்கள் என்கிறார் அந்தக் கூத்தர். தனக்குக் கிடைத்த தரிசனத்தைச் சொல்வதைவிட இது சின்ன வேலைதான். ஆனால் அதற்குப் பாதையைப் பார்த்திருக்க வேண்டும். செம்மநத்தம் பக்கம் முகாம் போட்டால் தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது, ஒரு கேனுக்கு எவ்வளவு நேரம் இறங்கி ஏற வேண்டும், ஏறுகிறவர் யார் என்று ஒருவர் எழுதிவிட்டால் போதும். அதைப் படித்துவிட்டு வருகிறவர் காலையில் பல் விளக்க ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்வார்.